‘டக்... டக்...’ சத்தம் கேட்குதா? லேப்டாப் ஹார்டு டிஸ்க் போகும் முன் செய்ய வேண்டியவை!

“ஓ.எஸ் போட்டுடலாமா தம்பி? சும்மா பறக்கும்!”

கடைக்காரர் கேட்டதும் நான் யோசிக்கவே இல்லை. “சரிண்ணே” என்று தலையாட்டிவிட்டு எதிரில் டீ குடிக்கப் போய்விட்டேன். பிளஸ் டூ முடித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் அது. நாலு வருஷம் நன்றாகவே உழைத்த மெஷின், சில வாரங்களாக ஆன் ஆகவே பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டார். சொன்ன மாதிரியே பறந்தது.

வீட்டுக்கு வந்து ஃபோல்டர்களைத் தேடியபோதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. நாலு வருஷ ஃபோட்டோக்கள் இல்லை. அப்பத்தா கருவாட்டுக் குழம்பு வைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த வீடியோவும் இல்லை. ‘ஓ.எஸ் போடுவது’ என்றால் டிஸ்க்கை மொத்தமாக அழித்துவிட்டுப் போடுவதும்தான் என்று எனக்குத் தெரியாது. ‘உள்ளே எதுவும் வேணுமா?’ என்று அவரும் கேட்கவில்லை. அப்பத்தா இப்போது இல்லை. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. இரண்டே மாதத்தில் அந்த ஹார்டு டிஸ்க் மொத்தமாகப் படுத்துவிட்டது. ஏனென்றால், கோளாறு விண்டோஸில் இல்லை, டிஸ்க்கில்தான் இருந்தது.

உங்களுக்கு இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் காப்பி, அப்புறம் பரிசோதனை, கடைசியில்தான் ரிப்பேர். இந்த வரிசை மாறினால், டிஸ்க்கோடு சேர்த்து உள்ளே இருப்பதும் போய்விடும்.

உள்ளே என்னதான் இருக்கு?

உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை ஐ.பி.எம் நிறுவனம் 1956-ல் அறிமுகப்படுத்தியது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். ஒரு பெரிய பீரோவைப் போன்ற உருவம். அதில் சேமிக்க முடிந்ததோ சுமார் 50 லட்சம் எழுத்துகள்தான். இன்று நம் செல்போனில் எடுக்கும் ஓரிரு ஃபோட்டோவுக்கே அது சரியாப் போகும்.

அந்த பீரோதான் சுருங்கிச் சுருங்கி, உள்ளங்கையில் அடங்கும் 2.5 அங்குல டிஸ்க்காக லேப்டாப்புக்குள் வந்திருக்கிறது. பெரும்பாலான லேப்டாப் ஹார்டு டிஸ்க்குகளில் தட்டு நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றும். அதாவது, ஒரு விநாடிக்கு 90 சுற்று. அந்தத் தட்டைத் தொடாமல், தலைமுடியின் தடிமனைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவான இடைவெளியில் ‘ஹெட்’ என்ற சின்ன முனை மிதந்தபடி தகவலைப் படிக்கும், எழுதும். ஓடிக்கொண்டிருக்கும்போது லேப்டாப் கீழே விழுந்தால் இந்த முனை தட்டில் உரசிவிடும். உரசிய இடத்தில் இருந்த தகவல் அவ்வளவுதான்.

எஸ்.எஸ்.டி-யில் சுற்றும் பாகமே கிடையாது, எல்லாம் சிப்தான். அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும், வேகமும் பல மடங்கு அதிகம். ஆனால், ஹார்டு டிஸ்க் போகும்முன் பெரும்பாலும் முனகும், எஸ்.எஸ்.டி-யோ நேற்று ராத்திரிவரை நன்றாக இருந்துவிட்டு காலையில் கண்ணே திறக்காது என்பதும் நடக்கும். ‘என்கிட்ட எஸ்.எஸ்.டி இருக்கு, எனக்கென்ன’ என்று இருந்துவிடாதீர்கள்.

இந்த அறிகுறிகள் இருக்கா?

* ‘டக்... டக்...’ என்று ஒரே சீராகத் தட்டும் சத்தம், அல்லது கரகரவென்று தேய்க்கும் சத்தம். இது ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறுவதாக இருக்கலாம். இருப்பதிலேயே ஆபத்தான அறிகுறி இதுதான்.
* ஒரு ஃபோல்டரைத் திறந்தால் மொத்த லேப்டாப்பும் உறைந்து நின்று, பிறகு தானாக உயிர் வருவது.
* காப்பி செய்யும்போது குறிப்பிட்ட ஃபைலில் மட்டும் சிக்கி, எரர் காட்டுவது.
* நேற்றுவரை திறந்த ஃபோட்டோ இன்று பாதி சாம்பல் நிறமாகத் தெரிவது.
* அடிக்கடி நீலத் திரை வருவது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ‘டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன்’ என்று விண்டோஸ் தானாக ஆரம்பிப்பது.
* ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ‘பூட் டிவைஸ் இல்லை’ என்ற செய்தி.

இதில் ஒன்று இருந்தாலே அடுத்த பகுதிக்கு உடனே போங்கள்.

முதல் வேலை: காப்பி!

டிஸ்க் திணறுகிறது என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து, அது ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் கடன்தான். அதனால் ‘முழுசா ஸ்கேன் பண்ணிப் பார்ப்போம்’ என்று உட்காராதீர்கள். ‘செக் டிஸ்க்’ மாதிரியான பழுது நீக்கும் வேலைகள் டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் துழாவும். சில இடங்களில் மாற்றியும் எழுதும். நோஞ்சானாகிவிட்ட டிஸ்க்கை மாரத்தான் ஓடவிடுவது மாதிரி அது.

*லேப்டாப் இன்னும் ஆன் ஆகிறது என்றால்:* எக்ஸ்டர்னல் டிஸ்க்கையோ பென்டிரைவையோ செருகுங்கள். மறுபடி கிடைக்காதவை முதலில்: சொந்த ஃபோட்டோ, வீடியோ, வேலை சம்பந்தப்பட்ட ஃபைல்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள், சான்றிதழ்கள். சினிமாவும் சாஃப்ட்வேரும் கடைசியில். ஒட்டுமொத்தமாக செலக்ட் செய்து இழுத்துவிடாமல், ஃபோல்டர் ஃபோல்டராகக் காப்பி செய்யுங்கள். ஏதாவது ஒரு ஃபைலில் சிக்கினால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். டெஸ்க்டாப்பையும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் மறக்க வேண்டாம். நம்மில் பலருக்குச் சொத்தே அங்கேதான் கிடக்கும்!

*விண்டோஸ் வரவில்லை, ஆனால் விபரீதச் சத்தமும் இல்லை என்றால்:* வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பை ஆன் செய்யலாம். ‘இன்ஸ்டால்’ கொடுக்காமல் ‘ட்ரை’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் டிஸ்க்கில் எதையும் எழுதாமலே ஃபைல்களைப் பார்த்துக் காப்பி எடுக்க முடியும். அல்லது, டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி கேஸில் போட்டு, இன்னொரு லேப்டாப்பில் செருகிப் பார்க்கலாம். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால், தயவுசெய்து ‘கேன்சல்’ கொடுங்கள்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை வரலாம். சமீபத்திய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் ‘பிட்லாக்கர்’ முறையில் பூட்டப்பட்டிருக்கும். வெளியே எடுத்துத் திறக்க 48 இலக்க ரெக்கவரி கீ தேவை. உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும். லேப்டாப் நன்றாக இருக்கும்போதே, அதாவது இன்றைக்கே, அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

*‘டக் டக்’ சத்தம் வருகிறது, உள்ளே இருப்பது விலைமதிப்பில்லாதது என்றால்:* பவரை அணைத்துவிட்டு அப்படியே வைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பதுதான் மிச்சமிருக்கும் வாய்ப்பையும் கெடுக்கும். தூசியே இல்லாத அறையில் டிஸ்க்கைத் திறந்து தகவலை மீட்கும் டேட்டா ரெக்கவரி நிறுவனங்கள் இருக்கின்றன. செலவு அதிகம்தான், முழுசாகக் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஃப்ரிட்ஜ் ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது போன்ற யூடியூப் வைத்தியங்கள் வேண்டவே வேண்டாம்.

கோளாறு டிஸ்க்கில்தானா?

காப்பி எடுத்தாச்சா? இப்போது நிதானமாகப் பரிசோதிக்கலாம். ஏனென்றால், ஸ்லோவாக இருப்பதற்கெல்லாம் டிஸ்க்கைப் பழி சொல்ல முடியாது. சி டிரைவ் நிரம்பி வழிந்தாலும், ரேம் போதாவிட்டாலும், ஃபேனில் தூசி அடைத்துச் சூடேறினாலும் லேப்டாப் திணறும்.

*பயாஸில் பாருங்கள்.* ஆன் செய்தவுடன் எஃப்2, எஃப்10, எஸ்கேப், டெலிட் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும் ஏதோ ஒரு பட்டனை அழுத்தினால் பயாஸ் திரை வரும். அங்கே டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரிந்தால் டிஸ்க்குக்கு உயிர் இருக்கிறது; பிரச்னை விண்டோஸிலோ பூட் வரிசையிலோகூட இருக்கலாம். தெரியாவிட்டால் இணைப்பு கழன்றிருக்கலாம், அல்லது டிஸ்க் போயிருக்கலாம். லேப்டாப் கீழே விழுந்த பிறகு டிஸ்க் காணாமல் போனால், கழற்றி ஒருமுறை சரியாகச் செருகிப் பார்ப்பது நல்லது.

*கம்பெனியின் சொந்தப் பரிசோதனை.* ஹெச்.பி லேப்டாப்பில் ஆன் செய்ததும் எஸ்கேப், பிறகு எஃப்2. டெல் லேப்டாப்பில் எஃப்12 அழுத்தி ‘டயக்னாஸ்டிக்ஸ்’. விண்டோஸ் இல்லாமலே இது ஓடும். வரும் எரர் நம்பரை ஃபோட்டோ எடுத்து வையுங்கள். வாரன்ட்டி இருந்தால் சர்வீஸ் சென்டரில் அதுதான் முதலில் கேட்பார்கள்.

*‘ஸ்மார்ட்’ ரிப்போர்ட்.* ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் முறைக்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச சாஃப்ட்வேர் அதைப் படித்துக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் ஆபத்து. ஹார்டு டிஸ்க்காக இருந்தால் நான்கு வரிகளைப் பாருங்கள். 05 என்பது, கெட்டுப்போனதால் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது, படிக்க முடியாமல் சந்தேகப் பட்டியலில் இருப்பவை. சி6 என்பது, சரிசெய்ய முடியாதவை. இவை பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். நான்காவது சி7. இது மட்டும் ஏறி மற்றவை பூஜ்ஜியமாக இருந்தால், டிஸ்க் நல்லது. கேபிளோ கனெக்டரோதான் கோளாறாக இருக்க வாய்ப்பு. ஒரு சின்ன கேபிளுக்காகப் புது டிஸ்க் வாங்கியவர்கள் உண்டு!

‘ரிப்போர்ட் நீலமா இருக்கே’ என்று முழுசாக நம்பியும் விடாதீர்கள். கூகுள் நிறுவனம் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஸ்கேன் செய்யும்போது முதல் எரர் வந்த டிஸ்க்குகள், எரரே வராதவற்றைவிட அடுத்த 60 நாள்களுக்குள் செயலிழக்க 39 மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது. அதேசமயம், செயலிழந்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆக, எச்சரிக்கை வந்தால் நம்புங்கள், வராவிட்டால் நம்பாதீர்கள்.

கடையில் என்ன சொல்ல வேண்டும்?

‘ஸ்லோவா இருக்கு, பார்த்துக் கொடுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். கடைக்காரருக்கு வேகமாக ஓட வைப்பதுதான் வேலை. உங்கள் ஃபோட்டோ அவருக்குத் தெரியாது. முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: “அண்ணே, உள்ளே இருக்கிற டேட்டா வேணும். என்னைக் கேட்காம ஃபார்மட் பண்ணாதீங்க.” அதையே ஜாப் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். டிஸ்க் மாற்றினால், பழைய டிஸ்க்கைக் கையில் கேட்டு வாங்குங்கள். புதிதாகப் போட்டதன் பெயர், சீரியல் நம்பர், வாரன்ட்டி எல்லாம் பில்லில் இருக்க வேண்டும்.

எதை வாங்குவது?

வாங்கும் முன் உங்கள் லேப்டாப்புக்குள் எது பொருந்தும் என்று பார்த்துவிடுங்கள். மாடல் நம்பரை வைத்துக் கம்பெனி தளத்தில் தேடினால் கிடைக்கும்.

* *2.5 அங்குல சாட்டா:* பழைய லேப்டாப்களில் இதுதான். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிய அதே இடத்தில் 2.5 அங்குல எஸ்.எஸ்.டி அப்படியே உட்காரும். சாதாரண லேப்டாப் ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 100 எம்.பி-யை ஒட்டி நிற்கும், சாட்டா எஸ்.எஸ்.டி 500 எம்.பி-யைத் தாண்டும். பழைய லேப்டாப்புக்குக் கொடுக்கும் காசில், உடனே வித்தியாசம் தெரியும் செலவு இதுதான்.
* *எம்.2:* சூயிங்கம் பாக்கெட் மாதிரி நீளமாக, மெலிதாக இருக்கும். இதிலேயே சாட்டா, என்.வி.எம்.இ என இரண்டு வகை. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், சாட்டா மட்டும் ஏற்கும் இடத்தில் என்.வி.எம்.இ வேலை செய்யாது. 2280 என்றால் 22 மி.மீ அகலம், 80 மி.மீ நீளம். 2242 என்ற குட்டை அளவும் உண்டு.
* *போர்டிலேயே ஒட்டியது:* மெலிதான சில லேப்டாப்களிலும் இப்போதைய மேக்புக்குகளிலும் ஸ்டோரேஜ் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். வீட்டில் மாற்ற முடியாது.

1 டி.பி வாங்கிச் செருகியதும் 931 ஜி.பி-தான் காட்டுகிறதே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். கம்பெனிகள் 1,000-ன் மடங்கிலும் விண்டோஸ் 1,024-ன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வித்தியாசம் அது.

மாற்றுவது எப்படி?

வாரன்ட்டி இருந்தால் சர்வீஸ் சென்டரே நல்லது. இல்லையென்றால், நிதானம் இருப்பவர்கள் வீட்டிலேயே செய்யலாம்.

1. முதலில் வேறு கம்ப்யூட்டரில், குறைந்தது 8 ஜி.பி பென்டிரைவில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் இன்ஸ்டாலரைத் தயார் செய்யுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், ஜாக்கிரதை.
2. லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி வெளியே எடுக்கும் வகை என்றால் எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் வகை என்றால், மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் கனெக்டரைக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதோடு நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொண்டு போங்கள்.
3. ஒரு பேப்பரில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஸ்க்ரூவை அந்தந்த இடத்தில் வையுங்கள். எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைத் தவறான ஓட்டையில் முறுக்கினால் மேல்பக்கம் பிதுங்கும். ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கலாம்.
4. உள்ளே கைவைக்கும் முன் ஏதாவது ஓர் உலோகப் பொருளைத் தொட்டு உடம்பில் உள்ள ஸ்டாட்டிக் மின்சாரத்தைப் போக்குங்கள்.
5. 2.5 அங்குல டிஸ்க் என்றால், அதைப் பிடித்திருக்கும் உலோகத் தாங்கியோடு கனெக்டரிலிருந்து விலக்கி எடுங்கள். தாங்கியைப் புது டிஸ்க்குக்கு மாற்றிச் செருகுங்கள். எம்.2 என்றால், சாய்வாகச் செருகி, மெதுவாக அமுக்கி ஸ்க்ரூ போடுங்கள். எதற்கும் பலம் தேவைப்படாது; தேவைப்பட்டால் எங்கோ தப்பு.
6. மூடிவிட்டு, பென்டிரைவிலிருந்து ஆன் செய்து விண்டோஸை ஏற்றுங்கள். ‘பிராடக்ட் கீ’ கேட்டால் ‘என்னிடம் இல்லை’ என்று தாண்டிப் போகலாம். ஏற்கெனவே ஒரிஜினல் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்த லேப்டாப் என்றால், அதே எடிஷனைப் போட்டதும் இன்டர்நெட் கிடைக்கும்போது தானாக ஆக்டிவேட் ஆகும். டிஸ்க் மாற்றியதற்காகப் புது லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை.

பழைய டிஸ்க்கை அப்படியே புதியதற்கு நகலெடுக்கும் ‘குளோனிங்’ முறையும் உண்டு. ஆனால், டிஸ்க் நல்ல நிலையில் இருக்கும்போது வேகத்துக்காக மாற்றுபவர்களுக்குத்தான் அது சரி. திணறும் டிஸ்க்கிலிருந்து குளோன் எடுத்தால் கெட்டுப்போன ஃபைல்களும் கூடவே வரும்.

இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு பொதுவாக முடிந்துவிட்டன. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத பழைய லேப்டாப் என்றால், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச ஓ.எஸ்-ஸை யோசிக்கலாம். பிரவுசிங், யூடியூப், பிள்ளைகளின் படிப்புக்குத் தாராளமாகப் போதும்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

புது டிஸ்க்கில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதியாகும்வரை பத்திரமாக வைத்திருங்கள். அப்புறமும் பழைய இரும்புக் கடையில் போட வேண்டாம். உங்கள் ஆதார் ஸ்கேனும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அதில்தான் இருக்கின்றன. டிஸ்க் வேலை செய்தால் முழுசாக அழித்துவிட்டு, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சி மையத்தில் கொடுங்கள். சுத்தியலால் உடைக்க நினைப்பவர்கள் கவனம்: லேப்டாப் ஹார்டு டிஸ்க் தட்டுகள் பெரும்பாலும் கண்ணாடியில் செய்தவை. கண்ணில் தெறிக்கும்.

மூணு, ரெண்டு, ஒண்ணு!

போட்டோகிராபர்களும் ஐ.டி-காரர்களும் சொல்லும் ஒரு எளிய கணக்கு உண்டு: முக்கியமான எதற்கும் 3 பிரதிகள், 2 வெவ்வேறு வகை இடங்களில், அதில் 1 வீட்டுக்கு வெளியே. லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவ் மாதிரி ஆன்லைனில் ஒன்று. அவ்வளவுதான்.

போன வருஷம் என்னுடைய இப்போதைய லேப்டாப்பும் முனக ஆரம்பித்தது. சி5 வரியில் 8 என்று காட்டியது, மறுநாள் 24. இந்த முறை நான் டீ குடிக்கப் போகவில்லை. ராத்திரியே உட்கார்ந்து எல்லாவற்றையும் காப்பி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் புது எஸ்.எஸ்.டி-யை மாட்டினேன். மொத்தம் மூணு மணி நேரம். ஒரு ஃபைல்கூடப் போகவில்லை.

ஆனால், கருவாட்டுக் குழம்பு வீடியோ மட்டும் எந்த டிஸ்க்கிலும் இல்லை. அம்மா கைப்பக்குவத்தில் ஏதோ ஒன்று குறைகிறது, என்னவென்று இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வீடியோ இருக்கும். இந்தப் பக்கத்தை மூடியதும், முதலில் அதை இன்னோர் இடத்தில் காப்பி செய்து வைத்துவிடுங்கள்.